மார்கழியில் வியர்க்கும் ஊரிலிருந்து கதை எழுத

மொரிசியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் முதல் கதைகளில் பெரும்பாலும் மார்கழிப் பனி பெய்யும். வாசலில் ஈரக் கோலம், திண்ணையில் தாத்தா, தூரத்தில் மாட்டுவண்டிச் சத்தம். எழுதியவரோ ரோஸ் ஹில்லில் மாடி வீட்டில் வளர்ந்தவராக இருப்பார். இங்கே மார்கழி என்பது லிச்சி பழுக்கும் காலம். ஃப்ளாம்பாயன் மரங்கள் தெருவெங்கும் சிவந்து நிற்கும். மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது. குளிர்தான் வேண்டுமென்றால் ஆடியில் கியூர்பிப் போக வேண்டும்.

பாடப்புத்தகமும் தொலைக்காட்சித் தொடரும் கொடுத்த ஊர் அது. அதில் குற்றமில்லை. ஆனால் கண்ணால் பார்க்காத ஊரைப் பற்றி எழுதினால் மூன்றாவது பத்தியிலேயே கைவசச் சரக்கு தீர்ந்துவிடும். "எனக்கு ஒன்றும் தோன்ற மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, பள்ளியில் ஆங்கிலம், வகுப்பறையிலும் கோவிலிலும் மட்டும் தமிழ் என்று வளர்ந்தும், தமிழில் கதையோ கவிதையோ எழுதிப் பார்க்க ஆசைப்படும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழு வேலைகள் சொல்கிறேன், வரிசைப்படியே செய்யுங்கள். முதல் இரண்டும் சலிப்பாகத் தோன்றலாம். அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டு, தினம் ஐந்து வரி

நோட்டானாலும் சரி, கைப்பேசியானாலும் சரி. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அன்று காதில் விழுந்த ஒரு பேச்சு, மூக்கில் பட்ட ஒரு வாசனை, கையில் தொட்ட ஒரு பொருள், யாரோ செய்த ஒரு சின்னக் காரியம், காரணம் புரியாத ஏதாவது ஒன்று. கருத்து எழுதக் கூடாது. 'அழகான', 'இனிமையான', 'மறக்க முடியாத' போன்ற சொற்களுக்கு இந்த நோட்டில் இடமில்லை.

காது கொடுக்க நல்ல இடங்கள் நம் தீவில் நிறையவே உண்டு. பேருந்தில் நடத்துநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கை. கத்ர போர்ன் சந்தையில் துணி விலை பேசும் பக்கம். காத்தோ பிமா என்ற மிளகாய் வடை பொரிக்கும் வண்டியின் முன்னால் நிற்கும் வரிசை. 2020-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் அதில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பேருந்து அளவுக்குப் பேச்சு கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

நோட்டு எதற்கு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். தைப்பூசத்தைப் பற்றிப் பள்ளிக் கட்டுரையில் வழக்கமாக வரும் வரி இது: "பக்தர்கள் பக்திப் பரவசத்துடன் காவடி எடுத்துச் சென்றனர். கூட்டம் அலைமோதியது." இதைப் போர்ட் லூயிஸில் இருந்தும் எழுதலாம், பழனியில் இருந்தும் எழுதலாம், வீட்டைவிட்டு வெளியே போகாமலும் எழுதலாம். நோட்டோடு போனவர் இப்படி எழுதுவார்: "தார் சுட்டது. காவடிக்காரர்கள் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தார்கள். முன்னால் போன பையன் வாளியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே போனான். பாதித் தண்ணீர் அவன் கால்சட்டையில்தான் விழுந்தது." இதில் பக்தி என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கு அது தானாகவே தெரியும்.

ஒரு மாதம் இப்படி எழுதுங்கள். இடையில் சில நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, விட்ட நாட்களுக்குச் சேர்த்து எழுத வேண்டாம். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, இன்னும் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் நாலைந்து வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். உங்கள் கதைக்கான விதை அவற்றில்தான் இருக்கும்.

இரண்டாவது: பெரியவர்களிடம் சின்னக் கேள்வி

"தாத்தா, அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டம்தான், ஆனால் நிம்மதி இருந்தது" என்ற ஒரே பதில்தான் வரும். கேள்வி பெரிதாக இருந்தால் பதில் மொட்டையாகத்தான் இருக்கும். கேள்வியைச் சின்னதாக்குங்கள்.

1960 பிப்ரவரிக் கடைசியில் கரோல் என்ற புயல் இந்தத் தீவையே புரட்டிப்போட்டது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் வந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டும் நினைவிருக்கும். அவர்களிடம் புயலைப் பற்றிப் பொதுவாகக் கேட்காதீர்கள். கதவுக்கு எதை முட்டுக் கொடுத்தீர்கள்? முதலில் பறந்தது கூரையின் எந்தப் பக்கம்? அந்த ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? கோழிகளை எங்கே வைத்தீர்கள்? விடிந்ததும் முதலில் யார் வீட்டைப் பார்க்கப் போனீர்கள்? இப்படிக் கேட்டால் பேச்சு நிற்காது. அப்புறம் உங்கள் சொந்த அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பலரும் கைப்பேசியில்தான் பார்த்தோம். அன்று தகரக் கூரை, இன்று கான்கிரீட் கூரையின் கீழே கைப்பேசி வெளிச்சம். இரண்டு ராத்திரிகளையும் ஒரே கதையில் வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

சமையலும் இதே மாதிரிதான். கல்யாணத்துக்கு வாழையிலையில் ஏழு கறி போடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. பந்தியில் உட்கார்ந்து அதைப் பற்றி எழுதாதீர்கள், சமையல் கொட்டகைக்குள் போங்கள். பூசணி நறுக்குவது யார், உப்பு பார்ப்பது யார், யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை, ரசத்தை யார் பொறுப்பில் விடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சண்டை அங்கே ஒரு கரண்டியைக் கை மாற்றுவதில் தெரிந்துவிடும்.

பாட்டி கிரியோலில் பதில் சொன்னால் கிரியோலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கேட்ட உடனே தமிழாக்கினால் அவர் குரல் போய்விடும். ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். கதையில் எழுதும்போது பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். தீவு சின்னது, பாட்டி சொன்ன சம்பந்தி வீட்டுக் கதை அடுத்த ஞாயிறே அவர்கள் காதுக்குப் போய்விடும்.

மூன்றாவது: பதிவேட்டில் இருப்பதும் இல்லாததும்

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தத் துறையில் இறங்கினார்கள். மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் அதில் உண்டு. 2006-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிச் சுற்றுலாவில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். இந்த முறை தனியாகப் போய், அந்தக் கற்படிகளில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அதைவிட முக்கியம் மோக்காவில் 1970-இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனம். வந்திறங்கியவர்களின் பதிவேடுகள் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், வந்த கப்பல். 1860-களிலிருந்து புகைப்படங்களும் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாராவது ஏற்கெனவே தேடி எடுத்து வைத்திருக்கலாம். வீட்டுப் பழைய சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதுபவருக்கு இந்தப் பதிவேடு ஏன் அருமையானது என்றால், அதில் எல்லாமே வெளியிலிருந்து அளந்த விஷயங்கள். 'இடது முழங்கையில் தழும்பு' என்று இருக்கும். தழும்பு எப்படி வந்தது என்று இருக்காது. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு, புகைப்படம் எடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். வரிசையில் முன்னால் நிற்பது யார்? எழுத்தர் பெயரைத் தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, இல்லை எழுதப் படிக்கவே தெரியாதா? கையில் என்ன இருக்கிறது? கப்பல் பயணம், கரும்புக் காடு, பேரன் பட்டம் வாங்குவது என்று மூன்று தலைமுறைக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம், அவ்வளவுதான்.

நான்காவது: முதல், கரு, உரி

எழுதும் முறை பற்றி ஆங்கிலத்தில் ஆயிரம் புத்தகம் இருக்கிறது. நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழைய முறை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். தொல்காப்பியம் சொல்லும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும்தான் சொல்கிறேன். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் இருப்பவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண். உரிப்பொருள் மனத்தில் நடப்பது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல்.

இதை எழுதும் கருவியாகப் பயன்படுத்துங்கள். ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் இடம், மாதம், மணி. இங்கே பொய் சொல்லக் கூடாது. கரும்பு பூத்திருக்கிறது என்று எழுதினால் அது மே, ஜூன், ஜூலை பக்கம் இருக்க வேண்டும். வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை போகும். நாம் தென்கோளத்தில் இருக்கிறோம். ஜூலை மாத உச்சி வெயில் வடக்குச் சன்னல் வழியாகத்தான் வரும். தைப்பூசம் நடப்பது கோடையும் புயலும் சேர்ந்த காலத்தில். சித்திரைப் புத்தாண்டின்போது வெயில் இறங்கத் தொடங்கியிருக்கும்.

இரண்டாவது பகுதியில் கருப்பொருள் எட்டையும் நம் ஊர்க் கணக்கில் நிரப்புங்கள். மாஹெபூர்க் கடற்கரை என்றால் மரம் சவுக்கு. பறவை மைனா, உச்சியில் கொண்டை வைத்த புல்புல். உணவு டால் பூரியா, தக்காளியில் செய்யும் கருவாட்டு ருகாயா? பறை என்ற இடத்தில் ராவான் என்ற பறையின் தோல் காய்வதற்காக நெருப்பில் காட்டும் சேகா பாட்டுக்காரர் வரலாம், கோவில் மேளம் வரலாம், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியும் வரலாம். காட்டுப் பகுதி என்றால் விலங்குக்கு ஜாவா மான். டச்சுக்காரர்கள் 1639-இல் கொண்டுவந்து விட்டது, இன்னும் இருக்கிறது. எட்டையும் நிரப்பிவிட்டுக் கதையில் இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற ஆறும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது பகுதியில் ஒரே ஒரு சொல். பிரிதல் என்று வைத்துக்கொள்வோம். நம் தீவில் பாலை நிலம் எது? மணல் வெளி நமக்கு இல்லை. என்னைக் கேட்டால் பிளேசான்ஸ் விமான நிலையம்தான். படிக்கப் போகிறவர்கள், கனடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், சொகுசுக் கப்பலில் ஒப்பந்தத்துக்குப் போகிறவர்கள், எல்லோரும் அங்கிருந்துதான் பிரிகிறார்கள். முதற்பொருள்: புறப்பாட்டுக் கூடம், ஆகஸ்ட், இரவு விமானம். கருப்பொருளில் இரண்டு: அச்சார் பாட்டில், கம்பளிச் சட்டை. உரிப்பொருளை வாயால் சொல்லக் கூடாது. எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

"பெட்டி இரண்டு கிலோ கூடுதல் என்றாள் அந்தப் பெண். அம்மா தரையிலேயே மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அச்சார் பாட்டிலை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். கம்பளிச் சட்டையை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். 'குளிருமே அம்மா' என்றான். 'அங்கே சட்டை விற்பார்கள்' என்றாள்."

இந்த வழியில் நெய்தலும் மருதமும் உங்கள் பகுதியில் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். ஊடலுக்கு மருத நிலம் வேண்டும் என்றால், என் தேர்வு வியாழக்கிழமைச் சந்தை. உங்கள் தேர்வு வேறாக இருக்கலாம்.

ஐந்தாவது: விடுகதையில் உவமை பழகுவது

கிரியோலில் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் "சிராந்தான்?" என்று கேட்க, மற்றவர்கள் "சாம்பெக்!" என்பார்கள். அப்புறம் விடுகதை. நிற்கும் தண்ணீர்? கரும்பு. தொங்கும் தண்ணீர்? தேங்காய். தமிழ் விடுகதைகளும் இதே தந்திரத்தில்தான் ஓடுகின்றன: பொருளின் பெயரைச் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று மட்டும் சொல்வது.

வாரம் மூன்று விடுகதை நீங்களே தயாரித்து வீட்டில் கேளுங்கள். மெட்ரோ அட்டை, குக்கர், புயல் எச்சரிக்கை, அரைக்கால் சட்டையோடு கோவிலுக்கு வந்து வாசலிலேயே நிற்கும் அண்ணன், எதுவாகவும் இருக்கலாம். உடனே கண்டுபிடித்துவிட்டால் விடுகதை மொண்ணை. எவ்வளவு யோசித்தும் முடியாமல், விடையைச் சொன்ன பிறகும் முகம் சுளித்தால் அது பொய். விடையைக் கேட்டதும் "அட" என்றால் அந்த வரியை நோட்டில் எழுதுங்கள், கவிதைக்கு ஆகும். நிலவு முகம், முத்துப் பல் என்று எழுதும் பழக்கம் இந்த விளையாட்டில் தானாகக் கழன்றுவிடும்.

ஆறாவது: எந்தத் தமிழில் எழுதுவது?

நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் உரையாடல். கதை மாந்தர்கள் நிஜத்தில் கிரியோல் பேசுகிறவர்கள். அவர்களைச் சென்னைத் தமிழ் பேசவிட்டால் சினிமா மாதிரி ஆகிவிடும். செந்தமிழ் பேசவிட்டால் பட்டிமன்றம். எளிய வழி ஒன்று இருக்கிறது. கதை சொல்லும் பகுதியை எளிய எழுத்துத் தமிழில் வையுங்கள். பேச்சைக் குட்டி வாக்கியங்களாக, அலங்காரம் இல்லாத தமிழில் எழுதுங்கள். தமிழில் சொன்னால் உயிர் போய்விடும் என்று தோன்றும் ஒன்றிரண்டு கிரியோல் சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் தர வேண்டாம். சூழ்நிலையே விளக்கும்படி எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

பாட்டியிடம் "நீங்கள்", தம்பியிடம் "நீ", கோவில் ஐயரிடம் எப்படி என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். கிரியோலில் யோசித்துத் தமிழில் எழுதும்போது இது அடிக்கடி வழுக்கும்.

ர, ற, ல, ள, ழ, ன, ண. இந்தப் பயத்தில்தான் பலர் எழுதவே தொடங்குவதில்லை. முதல் பிரதியில் இவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒற்று மிகும் இடமும் அப்படியே. கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து அகராதியை வைத்துக்கொண்டு மொத்தமாகத் திருத்தலாம், ஆசிரியரிடமும் காட்டலாம். கதை இருந்தால் எழுத்துப் பிழையைத் திருத்த ஆள் கிடைக்கும்.

ஏழாவது: திருத்துவது

முதல் பிரதியை ஒரே மூச்சில் முடியுங்கள். இரண்டு பக்கம் போதும். ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு உரக்கப் படியுங்கள், மனசுக்குள் படித்தால் பயனில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். உங்களுக்கே வெட்கமாக இருக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அங்கே பெரும்பாலும் இரவல் வாக்கியம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். கதை நன்றாகப் புரிந்தால் முதல் பத்தி வேண்டாம். கடைசிப் பத்தியிலும் இதையே செய்யுங்கள். தேர்வுக் கட்டுரை எழுதிப் பழகிய நமக்குக் கதை முடிந்த பிறகும் "ஆகவே நாம் பெரியோரை மதிக்க வேண்டும்" என்று ஒரு வரி கை தானாக எழுதிவிடும். மதிப்பெண் கிடைக்கும் வரி அது. கதையில் அதற்கு வேலை இல்லை.

இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். இன்னொருவர் தமிழ் தடுமாறும் உங்கள் வயது நண்பர். அவருக்கு நீங்களே படித்துக் காட்டலாம். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்று என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது, எதை நம்ப முடியவில்லை, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசி விளக்கம் கொடுக்காமல் இருப்பது கஷ்டம். இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

படிப்பதும் அனுப்புவதும்

நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் வாங்குவது சிரமம். இணையத்தில் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இலவசம், இரண்டிலும் நூற்றுக்கணக்கில் நூல்கள் உள்ளன. எங்கே தொடங்குவது என்று கேட்டால் குறுந்தொகையைச் சொல்வேன். ஒவ்வொரு பாட்டும் நான்கிலிருந்து எட்டு அடி. உரையோடு ஒரு நாளைக்கு ஒன்று படித்து, அதில் வரும் கருப்பொருளை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இந்தக் காலச் சிறுகதைகள், வாரத்துக்கு ஒன்று. பிடித்த பத்தி ஒன்றைக் கையால் படியெடுத்துப் பாருங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்பது கைக்குப் பழகும்.

தட்டச்சுக்குக் கைப்பேசியில் ஒலிமுறை விசைப்பலகை இருந்தாலே போதும். நிறைய எழுதப்போகிறேன் என்பவர்கள் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் வேகம் கூடும். எதுவாக இருந்தாலும் யூனிகோடில் இருக்கட்டும்; பழைய எழுத்துருவில் அனுப்பினால் வாங்குபவரின் திரையில் புரியாத குறிகள்தான் தெரியும்.

முதல் கதையைப் பள்ளி ஆண்டு மலருக்கோ கோவில் விழா மலருக்கோ கொடுங்கள். அங்கே படிப்பவர்கள் நீங்கள் எழுதிய தெருவில் நடப்பவர்கள், தப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் இதழ்களுக்கு அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும். மின்னஞ்சலில் கதைச் சுருக்கமும் உங்கள் குடும்ப வரலாறும் தேவையில்லை: பெயர், வயது, ஊர், இது வேறெங்கும் வெளிவரவில்லை என்ற ஒரு வரி. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் வேறிடத்துக்கு அனுப்புங்கள். அதற்குள் அடுத்த கதையின் முதல் பிரதி முடிந்திருக்க வேண்டும்.